இளவட்டக்கல்லும் சுளுக்குக் கட்டும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட வட்டாரத்தில் சுமைக்காய மீட்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மானாவாரி வேளாண்மையையும் உடலுழைப்பையும் நம்பி வாழ்ந்த பகுதிகள். சுமையால் நேரும் காயத்தோடு தொடர்புடைய இரு மரபுகள் இப்பகுதி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் வழங்கிவந்துள்ளன. எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பழகும் இளவட்டக்கல் மரபு ஒன்று. காயமுற்ற உறுப்பை அசையாது நிறுத்தும் கட்டு வைத்திய மரபு மற்றொன்று. தசையில் நேரும் காயமும் மூட்டில் நேரும் காயமும் ‘சுளுக்கு’ என்னும் ஒரே சொல்லில் அடங்கியமையால் இரண்டும் ஒரே வகை மருத்துவத்திற்கு உட்பட்டன. மேலை மருத்துவமும் நெடுங்காலம் ஓய்வையே பொதுமருந்தாகக் கொண்டிருந்து, பின்னர் சுமையை மருந்தாக ஏற்றது. இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டு, காயத்திலிருந்து மீள்வதற்கு ஓய்வு மட்டும் போதாது, திசுவுக்கு ஏற்ற சுமைப்படிகளும் தேவை என்பதையும், தொழிற்களத்தில் அப்படிகள் இல்லாது போனதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இளவட்டக்கல், சுளுக்கு, கட்டு வைத்தியம், மூட்டுக்காயம், தசைக்காயம், சுமைத் தொழில், பளுதூக்குதல், இயன்முறை மருத்துவம்.

முன்னுரை

எடை தூக்குவோருக்கு நேரும் காயங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விளையாட்டு மருத்துவத்தின் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. தென்தமிழகத்தின் வறண்ட நிலத்தைப் பொறுத்தவரை எடை தூக்குதல் முதலில் பிழைப்பு. அதன் பின்னரே விளையாட்டு. மூட்டையைத் தூக்கியவரின் இடுப்பும் கல்லைத் தூக்கியவரின் இடுப்பும் பல வேளைகளில் ஒருவருடையதாகவே இருந்தன. எனவே இப்பகுதியில் காயமீட்பின் வரலாற்றைத் தொழில், விளையாட்டு, மருத்துவம் ஆகிய மூன்றையும் இணைத்தே நோக்க வேண்டும்.

எடை தூக்குவோரின் காயங்களைத் தசைக்காயம், மூட்டுக்காயம் என இன்றைய இயன்முறை மருத்துவம் பிரித்துக் காண்கிறது. இரண்டும் ஆறும் வேகம் வேறு. இரண்டிற்கும் தரவேண்டிய சுமையின் அளவும் வேறு. இவ்வேறுபாடு தமிழ் மருத்துவ மரபில் எவ்வாறு அறியப்பட்டிருந்தது, வழக்காற்றில் எவ்வாறு மங்கியது, அதனால் விளைந்தது என்ன என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

நிலமும் சுமையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தன. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நிரப்பும் கண்மாய்களும் கரிசல், செம்மண் நிலங்களின் மானாவாரிச் சாகுபடியுமே வேளாண்மையின் அடிப்படை. பருத்தி, கம்பு, சோளம், பயறு வகைகள், மிளகாய், மல்லி ஆகியன இந்நிலத்தின் விளைபொருள்கள். அருப்புக்கோட்டை நெசவுக்கும் பெயர்பெற்ற நகரம்.

இவ்விளைபொருள்கள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை மூட்டையாகவே நகர்ந்தன. களத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து கிட்டங்கிக்கும், கிட்டங்கியிலிருந்து விருதுநகர்ச் சந்தைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனித முதுகு தேவைப்பட்டது. முற்காலச் சணல் சாக்கு ஏறத்தாழ ஒரு குவிண்டால் கொண்டது. அதனை ஒருவர் முதுகில் ஏற்றிவிட, மற்றவர் குனிந்து வாங்கிக்கொண்டு நடப்பார். தானியத்திற்கு 50 கிலோ சாக்கு பொதுவழக்கானது பிற்கால மாற்றம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் நிறைவேற்றிய 127ஆம் உடன்படிக்கை, உடல்நலத்திற்கு ஊறு விளைவிக்கும் எடையைத் தொழிலாளரைச் சுமக்கச் செய்தலாகாது என்றது. உடன் வெளியான 128ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டாதிருக்க வேண்டும் என்றது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு 2010இல் ஏற்புறுதி அளித்தது. இவ்விதிகள் யாவும் நலமாக இருக்கும் உடலுக்கு மேல்வரம்பு வகுத்தன. காயமுற்று மீளும் உடல் எந்த எடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வேறொரு வினா. அதற்கு விடை தேடும்போது சாவடியின் முன் கிடந்த கற்கள் கவனத்திற்கு வருகின்றன.

இளவட்டக்கல்: படிகள் கொண்ட எடை

மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய தென்மாவட்டச் சிற்றூர்களில் கோயில் முற்றத்திலோ ஊர்ப் பொதுவிடத்திலோ வழவழப்பான உருண்டைக் கற்கள் கிடப்பதுண்டு. ‘இளவட்டம்’ என்பது இளைஞரைக் குறிக்கும் வட்டார வழக்கு. அக்கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுப்பர் என்பது பரவலான வாய்மொழி மரபு. ‘கல்யாணக்கல்’ என்னும் பெயரும் இதனால் வந்தது. மணவுறவை உறவுமுறையும் நிலவுடைமையும் தீர்மானித்த சமூகத்தில் கல் ஒன்றே மணத்தை முடிவுசெய்திருக்க இயலாது. குடும்பத்தைத் தாங்கும் உழைப்புத்திறன் ஒருவனிடம் உண்டா என்பதை ஊர் அறிந்துகொள்ளும் அளவுகோலாகக் கல் இருந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

இம்மரபில் கவனிக்கத்தக்க செய்தி, கற்கள் பல எடைகளில் அமைந்திருந்தமை. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் போட்டியில் 45 கிலோ முதல் 129 கிலோ வரையிலான கற்கள் தூக்கப்படுகின்றன, பெண்களும் பங்கேற்கின்றனர். சிறிய கல்லில் தேறியவரே அடுத்ததற்குச் செல்வர். பெரிய கல்லை முதல் நாளே அணுகுவது வீரமாகக் கருதப்படுவதில்லை.

தூக்கும் முறையிலும் படிகள் உண்டு. முதலில் குந்தி அமர்ந்து இரு கைகளாலும் கல்லை அணைத்துத் தரையிலிருந்து பெயர்க்க வேண்டும். அடுத்து முழங்காலுக்கு ஏற்றித் தொடைமீது இருத்த வேண்டும். பின்னர் நெஞ்சோடு அணைத்து நிமிர வேண்டும். இறுதியாகத் தோளுக்கு ஏற்றிப் பின்புறமாக வீச வேண்டும். உடலியக்க நோக்கில் ஒவ்வொரு நிலையும் உடலின் வெவ்வேறு பகுதியைச் சோதிக்கிறது. கல்லைப் பெயர்க்கும்போது இடுப்புத் தசைகளும் முழங்கால் மூட்டுகளும் பாரம் ஏற்கின்றன. தொடைக்கு ஏற்றும்போது மடங்கிய முழங்கையின் முன்புறத் தசைநாண் கடுமையாக இழுபடுகிறது. தோளுக்கு ஏற்றும் இறுதிநிலையில் தோள்மூட்டு தன் இயக்க எல்லையில் நின்று எடையைத் தாங்குகிறது. ஆகவே ஒரே கல் ஒருவருக்குத் தசைக்காயத்தையும் மற்றொருவருக்கு மூட்டுக்காயத்தையும் தரவல்லது.

உழைப்புத்திறனைக் கல்லால் அளந்த வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் ட்ரிட்விக் என்னும் பழைய மீன்பிடித் துறையருகே இன்றும் நான்கு கற்கள் உள்ளன. அவற்றின் எடை முறையே 154, 100, 54, 23 கிலோ. பெரியது ‘முழுவலு’ எனவும் அடுத்தது ‘அரைவலு’ எனவும் பொருள்படும் பெயர்கள் கொண்டவை. படகுப் பணிக்கு வருவோரின் தகுதியை இக்கற்களே தீர்மானித்தன. இரு நிலங்களும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் உடல் தாங்கும் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு கல் போதாது, வரிசை வேண்டும் என்பதை இரண்டும் உணர்ந்திருந்தன.

ஒரு சொல், இரு காயம்

மூட்டை தூக்கியவருக்கோ கல் தூக்கியவருக்கோ வலி கண்டால் இவ்வட்டார மக்கள் சொல்லும் முதற்சொல் ‘சுளுக்கு’. கணுக்கால் மடங்கினாலும் சுளுக்கு. தொடைத்தசை இழுத்துக்கொண்டாலும் சுளுக்கு. கழுத்து திரும்பாவிட்டாலும் சுளுக்கு. முதலாவது எலும்புகளைப் பிணைக்கும் பிணையத்தின் காயம்; இரண்டாவது தசைநாரின் காயம்; மூன்றாவது பெரும்பாலும் தசை இறுக்கம். இச்சொல்லோடு ‘பிடிப்பு’, ‘பிசகு’ என்னும் சொற்களும் வழங்குகின்றன. மூட்டு முற்றிலும் விலகினால் மட்டும் ‘தோள் இறங்கிவிட்டது’ என மொழி தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. அண்மைக் காலத்தில் பிணையக் கிழிசலைக் குறிக்க ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்னும் தொடர் மருத்துவமனைகளிலிருந்து ஊர்வழக்கிற்கு வந்துள்ளது. வெளிப்படையான மூட்டு விலகலுக்கும் எளிய பிடிப்பிற்கும் இடைப்பட்ட காயங்கள் அனைத்தும் சுளுக்கினுள் அடங்கின.

நூல்மரபில் இந்நிலை இல்லை. சித்த மருத்துவம் உடலைத் தாங்கும் ஏழு தாதுக்களுள் ஊனையும் என்பையும் தனித்தனியே வைத்தது. மூட்டைக் ‘கீல்’, ‘சந்து’ எனக் குறித்து, மூட்டு நோய்க்குக் கீல்வாதம் எனப் பெயரிட்டது. வடமொழியின் சுசுருத சம்கிதை எலும்புக் காயத்தை இரண்டாகப் பகுத்து, மூட்டு விலகலில் ஆறு வகையும் எலும்பு முறிவில் பன்னிரண்டு வகையும் கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிரீன் வழியாக ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) ஆகிய நூல்கள் வெளிவந்தன. தசை, தசைநாண், பிணையம், மூட்டு ஆகியவற்றைப் பிரித்துப் பேசத் தமிழுக்கு இயலாமை ஏதும் இருக்கவில்லை. நூலின் பகுப்பு களத்து வழக்கிற்கு இறங்கவில்லை என்பதே வரலாற்று உண்மை.

கட்டும் ஓய்வும்

சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் கட்டு, பற்று, ஒற்றடம், தொக்கணம் ஆகியன சுமைக்காயத்திற்கு நேரடியாகப் பயன்படுவன. ஊர்களில் எலும்பு வைத்தியர் கையாளும் முறை பெரும்பாலும் ஒரேவகையானது. எண்ணெய் பூசி நீவுவர். பின்னர் முட்டையின் வெண்கருவும் உளுந்துமாவும் குழைத்துப் பூசிய துணியைச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்குவர். ஆந்திரத்தின் புத்தூரிலிருந்து பரவிய ‘புத்தூர் கட்டு’ இம்முறைக்குத் தமிழகமெங்கும் ஒரு பொதுப்பெயராகவே மாறியது. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி தென்மாவட்டங்களில் இம்மருத்துவத்திற்குக் கல்விசார் நிலைக்களன் அளித்தது.

கட்டின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. முறிந்த எலும்புக்கும் இடம் திரும்பிய மூட்டுக்கும் அசைவின்மை இன்றியமையாதது. சிக்கல் அக்கட்டு தசைக்காயத்திற்கும் அதே காலஅளவில் போடப்படுவதில் உள்ளது. அசையாது கட்டப்பட்ட தசை சில நாட்களிலேயே பருமனையும் வலுவையும் இழக்கத் தொடங்கும். கிழிந்த இடத்தில் உருவாகும் வடு இழுவிசையின் திசைக்கு ஏற்ப ஒழுங்குபடாமல் முறுகிவிடும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. பிணையம் கிழிந்த முழங்காலைச் சுளுக்கு எனக் கருதி வலிந்து நீவினால் மூட்டின் வீக்கம் கூடி, தளர்ச்சி நிலைபெறும். ஒரு சொல்லின் பொதுமை இவ்வாறு இரு திசையிலும் தீங்கு செய்தது.

கட்டைப் பிரித்த பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சுசுருத சம்கிதை ஒரு குறிப்புத் தருகிறது. காயமுற்ற கை பொருந்திய பின், முதலில் எளிதில் பற்றக்கூடிய உருண்டையைப் பிடிக்கச் செய்து, வலு வந்த பின்னரே கல்லைப் பிடிக்கச் செய்ய வேண்டும் என அந்நூல் அறிவுறுத்துகிறது. சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதே மீட்பு என்னும் கருத்து இதில் வெளிப்படையாக உள்ளது. எனினும் ஊர் வைத்தியரின் பொறுப்பு வழக்கமாகக் கட்டு அவிழ்ப்பதோடு முடிந்தது. கட்டு அவிழ்ந்த மறுநாள் தொழிலாளியின் முன் கிடந்தது உருண்டை அன்று, முழு மூட்டை.

ஓய்விலிருந்து சுமைக்கு: மேலை மருத்துவத்தின் நூறாண்டு

ஓய்வைப் பொதுமருந்தாகக் கருதியது தமிழக வைத்தியரின் தனிப்பிழையன்று. இங்கிலாந்தில் ஜான் ஹில்டன் 1860களின் தொடக்கத்தில் ஆற்றிய உரைகள் வலிக்கு ஓய்வே முதன்மை மருந்து என்னும் கொள்கையை நிறுவின. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) காயமுற்ற மூட்டுக்கு நீண்ட, இடையறாத ஓய்வை வலியுறுத்தினார். அவர் வடிவமைத்த கால்தாங்கி அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. அவர் தலைமுறை தலைமுறையாக எலும்பு வைத்தியம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் என்பது தமிழகச் சூழலோடு ஒப்பிடத்தக்கது.

அதே காலத்தில் எதிர்க்குரலும் எழுந்தது. ஜேம்ஸ் பேஜட் 1867இல் வெளியிட்ட உரையில், மருத்துவர்கள் ஓய்வு தந்து இறுகச்செய்த மூட்டுகளை நாட்டு எலும்பு வைத்தியர் அசைத்துக் குணப்படுத்துவதைச் சுட்டி, அவர்களிடம் கற்க வேண்டியதைக் கற்குமாறு தம் தொழிலினரை எச்சரித்தார். வார்ட்டன் ஹூட் என்னும் மருத்துவர் ஒரு நாட்டு வைத்தியரிடம் கற்ற முறைகளை 1871இல் வெளியிட்டார்.

திருப்புமுனை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நேர்ந்தது. சிகாகோவின் கார்டினர் பொது மருத்துவமனையில் முழங்கால் காயமுற்ற படைவீரர்களுக்கு மருத்துவம் செய்த தாமஸ் டிலார்ம் தாமே எடை தூக்கிப் பழகியவர். மூட்டு ஆறிய பின்னும் வீரர்கள் நடக்க இயலாமைக்குக் காரணம் தொடையின் முன்தசை மெலிந்ததே எனக் கண்டு, கனமான எடையைக் கொண்டே அதனை மீட்கும் முறையை 1945இல் வெளியிட்டார். பின்னர் வாட்கின்ஸுடன் இணைந்து 1948இல் அதனைச் செம்மைப்படுத்தினார். ஒருவர் 10 முறை மட்டுமே தூக்கவல்ல எடையை அளந்து, அதன் பாதி, முக்கால், முழு அளவு என மூன்று சுற்றுகளில் பயிற்சி தருவது அம்முறை. மூன்று எடைகள், ஒன்றன்பின் ஒன்றாக. இளவட்டக்கல் வரிசையில் பழகிய கண்ணுக்கு இதில் புதுமை தோன்றாது.

டிலார்மின் கண்டுபிடிப்பு மூட்டுக்கும் தசைக்கும் உள்ள உறவையும் தெளிவாக்கியது. மூட்டு வீங்கினால் அதனை இயக்கும் தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டல் தானாகவே குறைகிறது. மூட்டுக்காயம் எப்போதும் தன்னோடு ஒரு தசை மெலிவையும் கொண்டுவருகிறது என்பதே இதன் பொருள்.

தசைக்கும் மூட்டுக்கும் வேறு காலம்

இவ்வேறுபாட்டின் உடலியல் அடிப்படை பின்னர் வெளிப்பட்டது. தசைநாரின் விளிம்பில் உறங்கிக் கிடக்கும் துணைச்செல்களை அலெக்சாண்டர் மவுரோ 1961இல் கண்டறிந்தார். காயம் நேர்ந்ததும் இவை விழித்துப் புதிய தசைநாரை ஆக்குகின்றன. தசைக்குக் குருதியோட்டமும் மிகுதி. பின்லாந்தில் 1970களில் எலிகளின் தசைக்காயத்தை ஆராய்ந்த மார்க்கு யார்வினென், மிகச் சில நாள் ஓய்வுக்குப் பின் தொடங்கும் அசைவே வலுவான ஆறுதலைத் தருகிறது எனக் காட்டினார்.

மூட்டின் நிலை வேறு. மூட்டுக் குருத்தெலும்புக்குக் குருதிக்குழாய் இல்லை. மூட்டுநீரின் அசைவே அதற்கு உணவூட்டுகிறது. முழங்காலின் பிறைக்குருத்தில் குருதிக்குழாய்கள் புறவிளிம்புப் பகுதியை மட்டுமே எட்டுகின்றன என்பதை 1982இல் ஆர்னோஸ்கியும் வாரனும் நிறுவினர். அதனால் வெளிவிளிம்புக் கிழிசல் ஆறுகிறது, உள்விளிம்புக் கிழிசல் எளிதில் ஆறுவதில்லை. டொராண்டோவின் இராபர்ட் சால்ட்டர் 1970 முதல் மேற்கொண்ட ஆய்வுகள், எடையற்ற இடையறாத மெல்லசைவு குருத்தெலும்பு ஆற உதவுவதைக் காட்டின. தசைக்கும் மூட்டுக்கும் இடைப்பட்டது தசைநாண். சுவீடனின் ஹோகன் ஆல்பிரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வில், குதிகால் தசைநாண் நலிவுற்ற 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் கனமான எடையோடு குதிகாலைத் தாழ்த்தும் பயிற்சி பயனளித்தது.

இவற்றிலிருந்து எடை தூக்குவோருக்குப் பெறப்படும் நெறிகளை இவ்வாறு தொகுக்கலாம். தசைக்காயத்தில் வலி தசையின் நடுப்பகுதியில் நின்று, அதனைச் சுருக்கும்போதும் நீட்டும்போதும் மிகும். சில நாள் காப்புக்குப் பின் அசையாத அழுத்தம், பின்னர் முழுவீச்சில் சிறு எடை, அதன்பின் எடையை மெல்ல இறக்கும் பயிற்சி என வலியை வழிகாட்டியாகக் கொண்டு முன்னேறலாம். சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறும்.

மூட்டுக்காயத்தில் வலி குறிப்பிட்ட கோணத்தில் தோன்றும். வீக்கம், சிக்கிக்கொள்ளுதல், நழுவுதல் ஆகியன உடன்வரும். இங்கு வலி மட்டும் நம்பத்தக்க வழிகாட்டியன்று. மூட்டு நேற்றைய எடையை ஏற்றதா என்பதை மறுநாள் காலை வீக்கமே சொல்லும். முதலில் கோணத்தைக் குறைத்து, சுற்றியுள்ள தசைகளை வலுவாக்கி, பின்னரே கோணத்தையும் எடையையும் தனித்தனியே கூட்ட வேண்டும். கிழிந்த பிணையம் தன் இழைகளை முறையாக அடுக்கிக்கொள்ள ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஓய்வுக் கொள்கை விளையாட்டு உலகிலும் நீடித்தது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்குக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கினை 1978இல் நெறியாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், ஓய்வும் பனிக்கட்டியும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்காலத்தில் தாமே எழுதினார். உளுந்துமாவுக் கட்டைக் கைவிட்டவர்கள் பனிக்கட்டிப் பைக்கு மாறியதால் மட்டும் அடிப்படைப் பிழை நீங்கிவிடவில்லை.

மேடையில் இரு காயங்கள்

இவ்வேறுபாட்டை அண்மைக்காலப் பளுதூக்குதல் மேடையில் காணலாம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ (149+179) தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது அவருடைய தொடையின் முன்தசை காயமுற்றது. முழுத்தகுதி திரும்பாத நிலையிலேயே அவர் களமிறங்கி 317 கிலோ (144+173) தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார். 11 கிலோ குறைந்தது, மேடை இழக்கப்படவில்லை.

மகாராட்டிரத்தின் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கார் 2022 பர்மிங்காம் போட்டியில் 55 கிலோ பிரிவில் 248 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ பகுதியில் 139 கிலோவை முயன்றபோது அவருடைய வலது முழங்கை காயமுற்றது. மூன்றாம் முயற்சியும் நிறைவேறவில்லை. தங்கம் 1 கிலோ வேறுபாட்டில் கைநழுவியது. அக்காயத்திற்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. காயத்தின் கடுமை இரண்டிலும் ஒன்றன்று. ஆகவே நேர் ஒப்பீடு பொருந்தாது. எனினும் தசை சற்றுக் குறைந்த எடையோடு உழைக்க இடம் தருவதையும், மூட்டு அவ்வாறு பேரம் பேசாததையும் இவ்விரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

இருவருக்கும் பயிற்றுநர், மருத்துவர், அளந்த எடைத்தட்டுகள் ஆகியன இருந்தன. திருச்சுழிப் பக்கத்துச் சுமைத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் எளிதில் வாய்ப்பதில்லை.

சந்தையில் இல்லாத படி

இளவட்டக்கல்லுக்கும் மூட்டைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் முதன்மை பெறுகிறது. காயமுற்றவர் சாவடிக்குத் திரும்பினால் சிறிய கல் அவருக்காகக் கிடந்தது. காயமுற்றவர் கிட்டங்கிக்குத் திரும்பினால் மூட்டை எல்லாம் ஒரே எடை. கூலி மூட்டைக்கு இவ்வளவு என அமைந்த இடத்தில், பாதி எடை தூக்குபவருக்கு இடமில்லை. எனவே தொழிலாளியின் முன் இரு வழிகளே எஞ்சுகின்றன: முழு ஓய்வு, அல்லது முழுச் சுமை. தசைக்காயம் உற்றவர் தேவைக்கு மேல் ஓய்ந்து வலுவிழக்கிறார். மூட்டுக்காயம் உற்றவர் வலி தணிந்ததும் தேவைக்கு முன்னரே முழு எடைக்குத் திரும்புகிறார். இரண்டாமவரின் முழங்கால் நடுவயதில் தேய்ந்தால், அதற்கு ‘வயசு’ எனக் காரணம் கூறப்படுகிறது.

தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டு, அதன்வழி நலவாரியங்கள் அமைந்தன. விபத்து மரணத்திற்கும் உறுப்பிழப்பிற்கும் உதவித்தொகை என்பது இவற்றின் முக்கியப் பயன். இறப்புக்கும் நிலையான ஊனத்திற்கும் இப்பக்கத்தில், ஆறிக்கொண்டிருக்கும் உடல் என ஒரு நிலை உண்டு. அந்நிலைக்குக் குறைந்த எடையும் குறையாத கூலியும் தருவதே உண்மையான மீட்பு நடவடிக்கையாக அமையும்.

இளவட்டக்கல் மரபைப் புனிதப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கற்களே பலரைக் காயப்படுத்தியிருக்கும். தூக்க இயலாதவரை ஊர் எள்ளியும் இருக்கும். எடையைப் படிகளாக வைத்த அதன் அமைப்பு மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளத் தக்கது.

முடிவுரை

அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் கட்டும் கல்லும் தனித்தனி மரபுகளாக நின்றன. கட்டு மருத்துவமாகக் கருதப்பட்டது. கல் விளையாட்டாகக் கருதப்பட்டது. காயமுற்ற உடல் முதலாவதிலிருந்து இரண்டாவதிற்குச் செல்லும் பாதையே மீட்பு என்பதைச் சுசுருத சம்கிதையின் குறிப்பும் டிலார்மின் மூன்று எடைகளும் வெவ்வேறு காலங்களில் உணர்த்தியுள்ளன. அப்பாதையைத் தசைக்காயம் விரைந்து கடக்கும். மூட்டுக்காயம் மெல்லவே கடக்கும். ‘சுளுக்கு’ என்னும் ஒற்றைச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்தது; ஒரே எடை கொண்ட மூட்டை அப்பாதையையே அடைத்தது.

ஆகவே இப்பகுதியின் சுமைத் தொழிலாளர்க்கும் எடைப் பயிற்சி பெறும் இளைஞர்க்கும் உடனடித் தேவைகள் இரண்டு. காயத்தைத் ‘தசையிலா, மூட்டிலா’ எனக் கேட்டுப் பிரிக்கும் எளிய தமிழ்க் கலைச்சொற்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பயிற்சிக்கூடங்களிலும் வழக்கிற்கு வருதல் ஒன்று. காயத்திலிருந்து திரும்புவோர்க்குத் தொழிற்களத்தில் எடைப்படிகள் அமைத்தல் மற்றொன்று. தென்மாவட்டச் சிற்றூர்களின் இளவட்டக்கற்கள் பல இன்று மண்ணில் பாதி புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனிக் கல்லாக அன்றி, எடையளந்து, வரிசையாக ஆவணப்படுத்துவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.